பதினெட்டு வயதில் தொடங்கும் தலைமை

பெண்கள் தலைமைக்கு வர வேண்டும் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்தத் தலைமை எங்கே தொடங்குகிறது, எந்த வயதில் தொடங்குகிறது என்பதை நம் பெண் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்பவர்கள் குறைவு.

நெய்வேலி நகரியத்தில் சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றை என்.எல்.சி. நிறுவனமே கவனித்துக்கொள்கிறது. நகரியத்தை ஒட்டியிருக்கும் வடக்குத்து ஓர் ஊராட்சி. இங்கே அந்த வேலைகள் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. குழாயில் தண்ணீர் வராத நாளில் குடத்தைத் தூக்குவது யார்? விளக்கு எரியாத தெருவில், மாலையில் கல்லூரிப் பேருந்தை விட்டு இறங்கி நடந்து வருவது யார்? சிரமப்படுபவர்கள்தான் அதைச் சரியாக எடுத்துச் சொல்ல முடியும்.

சட்டம் அதற்கான கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம், ஊராட்சிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 2016-இல் அது 50 சதவீதமாக உயர்ந்தது. தேர்தலில் நிற்க 21 வயது நிரம்பியிருந்தால் போதும்.

கிராம சபைக்கு அந்த வயதுகூடத் தேவையில்லை. 18 வயதாகி, ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வரவு செலவுக் கணக்கு, நடக்கும் பணிகள், அரசுத் திட்டங்களின் பயனாளிகள் பட்டியல் எல்லாம் அங்கே மக்கள் முன் வைக்கப்படுகின்றன. 18 வயதில் வாக்காளராகும் ஒரு பெண், வேட்பாளராகும் 21 வயதுக்குள் பதினெட்டு கிராம சபைகளில் அமர்ந்து பழகிவிடலாம். இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் வேறில்லை.

"பொது விஷயத்தில் பெண்ணின் கருத்துக்கு மார்க்கத்தில் இடமுண்டா?" என்று சிலர் கேட்கிறார்கள். ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு ஹுதைபிய்யா உடன்படிக்கை முடிந்த நேரத்தை நினைத்துப் பார்ப்போம். உம்ரா செய்யாமல் திரும்ப வேண்டியிருந்ததால் ஸஹாபாக்கள் மனம் உடைந்திருந்தார்கள். பலிப் பிராணிகளை அறுத்து, தலைமுடியைக் களையுமாறு நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை சொல்லியும் ஒருவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்த நபியவர்களிடம் உம்மு ஸலமா (ரலி) அவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள்: யாரிடமும் எதுவும் பேசாமல் தாங்களே முதலில் செய்து காட்டுங்கள். நபியவர்கள் அப்படியே செய்தார்கள். அதைக் கண்டதும் எல்லோரும் எழுந்து தங்கள் பிராணிகளை அறுத்தார்கள். ஒரு சமூகமே திகைத்து நின்ற வேளையில் வழி காட்டியது ஒரு பெண்மணியின் ஆலோசனை. இந்தச் சம்பவம் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது.

நம் மாநிலத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியைச் சேர்ந்த கவிஞர் சல்மாவின் பள்ளிப் படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நிறுத்தப்பட்டது. வீட்டுக்குள் இருந்தபடியே படித்தார், எழுதினார். 2001 உள்ளாட்சித் தேர்தலில் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது குடும்பத்தாரே அவரை நிறுத்தினார்கள். வென்றார். பின்னர் மாநில சமூக நல வாரியத்தின் தலைவரானார். 2025-இல் மாநிலங்களவை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். அவருடைய எழுத்தில் நம்மில் பலருக்கு உடன்பாடு இல்லாத இடங்கள் உண்டு. ஆனாலும் ஒன்றை மறுக்க முடியாது: அடைத்து வைத்த திறமையைச் சட்டத்தின் ஓர் ஒதுக்கீடு வெளியே கொண்டுவந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒருவரால் இவ்வளவு முடியும் என்றால், இன்று பட்டப்படிப்பு முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் நம் பெண்களால் எவ்வளவு முடியும்?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. பல ஊர்களில் ஒதுக்கீட்டில் மனைவி வெல்கிறார், நாற்காலியில் கணவர் உட்கார்கிறார். கையெழுத்து மட்டும் மனைவியுடையது. கணக்கில் தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவரே. பொறுப்பு என்பது அமானிதம். யாரிடம் ஒப்படைக்கப்பட்டதோ அவரே அதைச் சுமக்க வேண்டும். வார்டு ஒதுக்கப்பட்ட பிறகு அவசரமாக ஒரு பெயரைத் தேடும் குடும்பங்களில்தான் இந்த நிலை அதிகம். முன்கூட்டியே பழகிய பெண் யாருக்கும் நிழலாக இருக்க மாட்டார்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்வோம். முதலில், 18 வயது நிரம்பிய நம் பெண் பிள்ளைகளின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்போம். இரண்டாவதாக, அடுத்த கிராம சபைக்கு வாப்பாவோ அண்ணனோ அவர்களை உடன் அழைத்துச் செல்லட்டும். தெருவின் ஒரே ஒரு குறையை எழுத்தில் கொடுத்து, அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று பிள்ளையே கவனிக்கட்டும். மூன்றாவதாக, ஜமாஅத் நிர்வாகிகளும் பெண்கள் மதரஸா நடத்துபவர்களும் ஊராட்சி நடைமுறையைப் பற்றி மாதம் ஒரு வகுப்பு வைக்கட்டும். மார்க்கம் சொல்லும் கண்ணியத்தோடும் ஒழுக்கத்தோடும் இவை அனைத்தையும் செய்ய முடியும்.

இதற்கெல்லாம் முன்னதாக வீட்டில் ஒரு பழக்கம் வேண்டும். குடும்பத்தின் ஒரு முடிவில், "நீ என்னம்மா நினைக்கிறாய்?" என்று மகளிடம் கேட்போம். அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்போம். வீட்டில் பேசிப் பழகியவள்தான் சபையில் எழுந்து பேசுவாள். அவளால் ஊருக்கு நன்மை விளையும், இன்ஷா அல்லாஹ்.