வெள்ளை ஐபோன் பத்து மாதம் எங்கே போயிருந்தது?

2010 ஜூன் 7. சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோன் 4-ஐ எடுத்துக் காட்டுகிறார். கருப்பு ஒன்று, வெள்ளை ஒன்று. ஜூன் 24-ல் கருப்பு கடைக்கு வந்துவிட்டது. வெள்ளை? ஆளையே காணோம்!

தயாரிப்பது எதிர்பார்த்ததைவிடக் கடினமாக இருக்கிறது, ஜூலை பிற்பாதியில் வரும் என்றது ஆப்பிள். ஜூலை 16-ல் ஜாப்ஸே மாதக் கடைசியில் வந்துவிடும் என்றார். ஒரே வாரம்தான். 23-ம் தேதி அது ‘இந்த ஆண்டு பிற்பகுதி’ ஆனது. அக்டோபரில் ‘அடுத்த ஆண்டு வசந்தகாலம்’ ஆனது. என்ன சிக்கல் என்று விளக்கம் மட்டும் வரவேயில்லை. பொறுக்கமுடியாத சிலர் வெள்ளைக் கண்ணாடியைத் தனியாக வாங்கி, கருப்பு போனைப் பிரித்து மாட்டிக்கொண்டார்கள். அவ்வளவு ஆசை!

ஒருவழியாக 2011 ஏப்ரல் 28-ல் வெள்ளை ஐபோன் விற்பனைக்கு வந்தது. அப்போதுதான் ஆப்பிளின் ஃபில் ஷில்லர் திரையை லேசாக விலக்கினார். வெறுமனே வெள்ளை அடிக்கிற வேலை இல்லையாம் இது. பூச்சு நாளாக நாளாக எப்படி நிலைக்கும், புற ஊதாக் கதிரை எப்படித் தாங்கும், உள்ளே இருக்கும் சென்சார்களோடு எப்படி ஒத்துப்போகும் என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருந்ததாம்.

ஆகா, இங்கேதான் விஷயமே இருக்கிறது! போனைக் காதில் வைத்தால் திரை அணைகிறதே, அது அந்தச் சென்சார்களில் ஒன்றின் கைவேலை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, கன்னத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடித்துக்கொள்கிறது. கருப்புப் பூச்சு ஒளியை விழுங்கிவிடும். வெள்ளையோ சிதறடிக்கும். நிறம் மாறினால் சென்சாரின் உலகமே மாறிவிடுகிறது! கடைக்கு வந்த வெள்ளை போனில், காதில் வைக்கும் ஸ்பீக்கருக்கு மேலே சென்சார் இருக்கும் இடத்தின் தோற்றமே முதலில் காட்டியதிலிருந்து மாறியிருந்தது. கூர்ந்து பார்த்தவர்கள் உடனே கண்டுபிடித்தார்கள்.

பத்து மாதம் உழைத்திருக்கிறார்கள். அதைப் பத்து வரியில் சொல்லியிருந்தால் காத்திருந்தவர்கள் கைதட்டியிருப்பார்கள். தாமதம் தப்பே இல்லை. வேகாத சோற்றை யாரும் இலையில் போடுவதில்லை. ஆனால் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று சொல்லலாமே! புதுப் பொருள் செய்யும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் நான் கேட்பது இதைத்தான்: தேதியை மட்டும் மாற்றாதீர்கள், காரணத்தையும் சொல்லுங்கள்.

அடுத்த முறை போனில் யாருடனாவது பேசும்போது, திரையின் உச்சியில் விரலை வைத்துப் பாருங்கள். சட்டென்று இருட்டாகும். அந்த ஒரு நொடிக்குப் பின்னால் எத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.