கட்டிபடாத சொக்கலேற் பாணி



ஐஸ்கிறீமின் மேல் கருங்கபில நிறத்தில் வார்க்கப்படும் சொக்கலேற் சோஸை அறியாத பிள்ளைகள் இன்று அரியர். சோஸ் என்று சொல்லப்படும் இது, நமது வழக்கிலே கூறுவதாயின், கொக்கோ சேர்ந்த சீனிப்பாணியேயாகும். பாணி காய்ச்சிப் பதம் பார்த்து இறக்கத் தெரிந்த கைகளுக்கு இது கடினமான வேலையன்று. ஆயினும், இல்லத்தில் இதனைச் செய்ய முற்படுவோர் பலர் முதன் முயற்சியோடு கைவிட்டுவிடுகின்றனர். ஒருவருக்கு அது கட்டிபடுகிறது. ஒருவருக்கு மறுநாள் மணல்போல் நெறுநெறுக்கிறது. இன்னொருவருக்கோ, விலை கொடுத்து வாங்கிய சொக்கலேற் முழுவதும் கண்ணெதிரே களியாய் இறுகிவிடுகிறது. பொருளும் வீணாகிறது; பிள்ளைகளின் ஆசையும் வீணாகிறது. “நமக்குக் கைப்பக்குவம் போதாது” என்று தம்மைத் தாமே நொந்துகொள்வாரும் உளர். உண்மையில் குறை கையில் இல்லை. கொக்கோவின் இயல்பு ஒன்றை அறிந்துகொண்டால் இந்த இடர்கள் யாவும் நீங்கும்.

அந்த இயல்பு யாது? கொக்கோ நீரிற் கரையும் பொருளன்று. சீனி கரைகிறது, உப்புக் கரைகிறது, கொக்கோ கரைவதில்லை. நன்கு கலந்த பாணியிலும் அது நுண்ணிய துகள்களாய் நீரெங்கும் பரந்து நிற்கிறதேயன்றி, நீரோடு ஒன்றாகிவிடுவதில்லை. இத்தகைய கலவையை விஞ்ஞானப் பாடத்திலே தொங்கல் என்பர்.

கொக்கோ நமக்குப் புதிய பொருளுமன்று. மத்திய அமெரிக்காவின் பழங்குடி மக்கள் பானமாக்கி அருந்திய இம்மரத்தின் விதை, இன்று நமது மாத்தளை, கண்டி, குருநாகல் முதலான மாவட்டங்களிலும் விளைகிறது. பூவும் காயும் அடிமரத்திலேயே அரும்பித் தொங்கும் விந்தையை அங்கே காணலாம். விதைகளைப் புளிக்கவைத்து, வெயிலிற் காயவைத்து, வறுத்து, தோல் நீக்கி அரைத்தால் ஒரு கூழ் கிடைக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதி கொழுப்பாகும். 1828இல் ஒல்லாந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தினர் அக்கொழுப்பின் பெரும்பகுதியைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு உரிமை பெற்றனர். பிழிந்தபின் எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்ததே கொக்கோத்தூள். கட்டிச் சொக்கலேற்றிலோ அக்கொழுப்பு நிறைய உண்டு.

சொக்கலேற்றை உருக்கும்போது ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது இறுகிவிடுவது ஏன்? உருகிய கொழுப்பினுள்ளே சீனியும் கொக்கோவும் உலர்ந்த துகள்களாய் மிதக்கின்றன. சிறிதளவு நீர் சேர்ந்ததும், ஈரமான துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு களியாகின்றன. நீர் போதிய அளவு இருந்தாலோ சீனி முழுவதும் கரைந்து, கலவை மீண்டும் இளகி ஓடும். சிறிது நீர் கெடுக்கும். போதிய நீர் காக்கும். ஆகவே இறுகிய சொக்கலேற்றை வீசிவிடாதீர்கள். சுடுநீரைக் கரண்டி கரண்டியாக விட்டு, மெல்லிய சூட்டிற் கிளறுங்கள். அதுவே நல்ல சோஸாகிவிடும்.

இனிச் செய்முறையைக் கூறுவேன். சீனி ஒரு கோப்பை, இனிப்பில்லாத கொக்கோத்தூள் அரைக் கோப்பை, நீர் ஒரு கோப்பை, உப்பு ஒரு சிட்டிகை, வனிலா ஒரு தேக்கரண்டி ஆகியன போதும். நிறுத்துப் பார்த்தால் சீனி 200 கிராமும் கொக்கோ ஏறக்குறைய 50 கிராமும் இருக்கும். இவ்வளவில் 8 பேருக்கு இரண்டிரண்டு மேசைக்கரண்டி தாராளமாக வரும்.

முதலில் சீனியையும் கொக்கோவையும் உப்பையும் உலர்வாகவே நன்கு கலக்குக. சீனிமணிகள் இடையே புகுந்து கொக்கோத் துகள்களைப் பிரித்து வைப்பதால், நீர் ஒவ்வொரு துகளையும் எளிதிற் சூழும். அடுத்து, நீரிற் சிறிதளவை மட்டும் விட்டுப் பசையாகக் குழைக்குக. கூழுக்கு மாவை முன்னதாகக் கரைத்துக்கொள்வதும் இக்காரணம் பற்றியே. கொதிநீரில் மாவை நேரே கொட்டினால் கட்டிபடும் அன்றோ? பின்னர் எஞ்சிய நீரைச் சேர்த்து, ஆழமான பாத்திரத்தில், நடுத்தர நெருப்பிலே கிளறிக் காய்ச்சுக. கொதித்த பின் 4 அல்லது 5 நிமிடம் போதும். கொக்கோவிலுள்ள மாப்பொருள் அச்சூட்டில் ஊதிப் பாணியைத் தடிப்பாக்குகிறது, பச்சைவாடையும் நீங்குகிறது. கலவை பொங்கி எழக்கூடும். சூடான பாணி தோலில் ஒட்டிச் சுடும். ஆதலாற் சிறு பிள்ளைகளை அடுப்பருகே விடலாகாது. இறக்கிய பின்னரே வனிலாவைச் சேர்க்குக. அடுப்பிலிருக்கும்போதே சேர்த்தால் அதன் மணம் ஆவியோடு போய்விடும்.

பதம் அறிவதிலேதான் பலர் ஏமாறுகின்றனர். ஆறும்போது பாணி மேலும் தடிக்கும். ஆகவே நீர்த்திருப்பதாகத் தோன்றும்போதே இறக்கவேண்டும். குளிர்ந்த பீங்கானில் ஒரு சொட்டு விட்டுச் சரித்துப் பாருங்கள். மெதுவாக வழிந்தால் அதுவே பதம். மிகையாகக் காய்ச்சி நீரை வற்றச் செய்தால், ஆறியபின் சீனி மீண்டும் பளிங்காகி நெறுநெறுக்கும். பாத்திர ஓரத்தில் ஒட்டிய சீனியை ஈரக் கரண்டியால் வழித்துவிடுவதும், அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச்சாறு சேர்த்துக் காய்ச்சுவதும் இதனைத் தடுக்க உதவும்.

பட்டர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் சுவை மிகும். ஆயினும் கொழுப்பு மிகுந்தால் சோஸ் ஐஸ்கிறீமின்மேல் இறுகும். கொக்கோக் கொழுப்பு ஏறக்குறைய 34 பாகை செல்சியஸில் உருகுவது. குளிர்ச்சி பட்டால் உறையும். வெறும் சொக்கலேற்றை உருக்கி வார்த்தால் ஓடுபோற் படிவது இதனாலேயே.

கொதிநீரிற் கழுவி உலர்த்திய போத்தலில் அடைத்து, குளிர்ப்பெட்டியில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுத்தால், நீரிற் காய்ச்சிய சோஸ் இரண்டு வாரம் இருக்கும். பாலோ தேங்காய்ப்பாலோ சேர்த்ததை அன்றே பயன்படுத்திவிடுதல் நன்று. இஃது எவ்வாறாயினும் இனிப்புப் பண்டமே. இரண்டு கரண்டி என்னும் அளவை மீறாதிருத்தல் பல்லுக்கும் உடலுக்கும் நலம்.

கடையிலே வாங்குவோர் போத்தலின் ஒட்டுத்தாளை வாசிக்கப் பழகவேண்டும். எப்பொருள் மிகுதியோ அதனையே முதலில் எழுதுவது வழக்கு. சீனியும் நீரும் முன்நிற்க, கொக்கோ கடைசியில் ஒதுங்கி நின்றால், நாம் எதற்கு விலை கொடுக்கிறோம் என்பது வெளிப்படை.

மனைப்பொருளியல் பயிலும் மாணவர்க்கு இச்சிறு பாத்திரமே ஓர் ஆய்வுகூடமாகும். கரைதல், தொங்கல், உருகுதல், பளிங்காதல் ஆகிய நான்கினையும் ஒரே அடுப்பிற் காணலாம். அடுத்த முறை காய்ச்சும்போது, அடுப்பிலிருந்து எட்ட நின்று பார்க்கும் பிள்ளை “ஏன் முதலில் உலர்வாகக் கலக்கிறீர்கள், அம்மா?” என்று கேட்டால், “பேசாமல் இரு” என்று அடக்கிவிடாதீர்கள். காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள். சோஸின் இனிப்பு சிறிது நேரத்தில் மறைந்துபோகும். காரணத்தை அறிந்த பிள்ளைக்கு அவ்வறிவு வாழ்நாள் முழுவதும் பயன்படும்.