ஆச்சியின் பாம்படம்

தலைநகரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், இரும்புப் பெட்டியின் அடியில் ஒரு துணி முடிச்சு இருப்பதுண்டு. மோதி பாக் அரசினர் குடியிருப்பில் அன்பர் ஒருவர் இல்லத்திற்கு அண்மையில் நாம் சென்றிருந்தபோது, அத்தகைய முடிச்சொன்று அவிழ்க்கப்படக் கண்டோம். உள்ளே ஓர் இணைப் பாம்படம் இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து மகன் வீட்டிற்கு வந்திருந்த மூதாட்டியார், பெயர்த்தியின் கல்லூரிச் செலவுக்காக அதனைக் கொண்டுவந்திருந்தார். பெயர்த்தியோ ஒன்றைக் கையில் எடுத்து, "இதை எங்கே அணிவது, ஆச்சி?" என்று வினவினாள். ஆச்சியார் தம் காதைத் தொட்டுக் காட்டினார். அக்காது முன்னரே மருத்துவரிடம் தைக்கப்பட்டிருந்தது.

பாம்படம் தென்பாண்டி நாட்டு உழவர் குடிப் பெண்டிரின் காதணி. நெல்லை, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் இது பெருவழக்காய் இருந்தது. குழந்தைப் பருவத்திலேயே காது குத்தி, துளையில் பஞ்சு செருகி, பின்னர் குணுக்கு என்னும் ஈய வளையத்தை மாட்டித் துளையைப் பெரிதாக்குவர். இதனைக் காது வளர்த்தல் என்பர். தோள் தொடுமளவு காது வளர்ந்த பின் பாம்படம், தண்டட்டி, முடிச்சு ஆகியவை அதில் ஏறும்.

உருண்டையும் சதுரமும் பட்டையுமாக அமைந்த பாம்படத்தின் வடிவம், இன்றைய சிற்பிகளும் வியக்கத்தக்கது. மெல்லிய பொன் தகட்டால் கூடு செய்து, உள்ளே அரக்கை நிறைப்பான் பொற்கொல்லன். குறைந்த பொன்னில் பெரிய அணி கிடைக்கும், தகடும் நசுங்காது. விதைக்கும் மாட்டிற்கும் பணம் வேண்டியபோது அடகுக்குச் சென்று, அறுவடைக்குப் பின் காதிற்கு மீளும். வங்கி எட்டாத ஊரில் அதுவே பெண்ணின் சேமிப்பு.

இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. இத்தாலிய நாட்டு உழவர் பெண்டிரும் மெல்லிய பொன்னாற் செய்த பெரிய காதணிகளைச் செல்வமாய்ப் போற்றினர். உரோம் நகரப் பொற்கொல்லரான கஸ்தெல்லானி குடும்பத்தார் அத்தகைய நாட்டுப்புற நகைகளைத் தேடித் திரட்டினர். அத்தொகுதி 1867ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது. இலண்டன் அருங்காட்சியகம் ஒன்று அதனை விலைக்கு வாங்கிக் காத்தது. இன்று விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் எனப்படுவது அதுவே.

நம் பாம்படங்களோ பெரும்பாலும் உலைக்களத்திற்கே செல்கின்றன. வளர்த்த காதைப் பழமை என்று கருதி இளைய தலைமுறையினர் விட்டனர். அணியாத நகை உருகுவது இயல்பே. கல்விக்காக அதனை விற்பவரைக் குறை கூற நாம் முன்வரோம். பொன் அதற்காகவே சேர்க்கப்பட்டது. ஆயினும் விற்கும் முன் சிலவற்றைக் கருதுதல் நன்று. அரக்கோடு நிறுத்த எடை பொன்னின் எடையாகாது. அரக்கை நீக்கிய பின் எடை வெகுவாகக் குறையும். இதனை அறியாது சென்று மனம் வருந்துவோர் உளர். எனவே அரக்கு நீக்கிய எடையையும் பொன்னின் தரத்தையும் நேரில் கண்டறிந்த பின்னரே விலை பேசுக.

மற்றொன்று அதனினும் பெரிது. உருகிய பொன்னை மீண்டும் வாங்கலாம். பாம்படத்தின் உறுப்புகளுக்குரிய பெயர்களையும் அவற்றை அணியும் முறையையும் அறிந்த முதியோர் சென்றபின் எவரிடம் கேட்போம்?

அன்று மோதி பாக் இல்லத்தில் ஆச்சியாரே வழி கூறினார்: "ஒன்றை விற்றுப் படிக்க வையுங்கள், ஒன்று பிள்ளையிடம் இருக்கட்டும்." பெயர்த்தி இரண்டையும் ஒருசேரப் படம் பிடித்தாள், ஆச்சியார் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பகுதியின் பெயரையும் குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதினாள். எழுத்துப் பிழைகள் சில இருந்தன. ஆச்சியார் அவற்றைத் திருத்தவில்லை.

நம் வாசகர் இல்லங்களிலும் துணி முடிச்சுகள் இருக்கலாம். விடுமுறை நாளொன்றில் அவற்றை அவிழ்த்து, பிள்ளைகளை அருகிருத்தி, முதியோரைப் பேசச் செய்வீர்களாக.