ஓதக் கணக்கில் தொடக்க நிலை

வைப்பின் தீவின் தென்முனையருகே, கொச்சித் துறைமுக வாயில் வழியாக அரபிக் கடலின் ஓதம் வேம்பநாட்டுக் காயலுள் புகுகின்றது. அதன் முதன்மைக் கூறு 12 மணி 25 நிமிடத்திற்கு ஒருமுறை மீளும். கடல் மட்டத்தையும் காயல் மட்டத்தையும் ஒருங்கே அளந்து, அதிர்வெண் வாரியாகப் பிரித்து ஒப்பிட்டால், காயல் கடலை எவ்வளவு, எத்துணைத் தாமதமாகப் பின்பற்றுகின்றது என்பது புலனாகும்.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. அளவீடு தொடங்குமுன்பே மழைவெள்ளம் காயலை உயர்த்தியிருக்கலாம்; அது வடிவதும் பதிவில் கலந்துவிடும். பூரியர் முறையோ பதிவின் இறுதி மீண்டும் தொடக்கத்தோடு இணைவதாகக் கொள்வது. இரு மட்டங்களும் வேறுபட்டால், அவ்வேறுபாடு எல்லா அதிர்வெண்களிலும் பரவும். அதனைப் புறக்கணிப்பின், கடலால் விளையாததையும் கடலின் விளைவெனக் கொள்வோம். அக்கணக்கை நம்பிப் பொக்காளி வயலின் தூம்பைத் திறப்போர்க்கு நேரம் தவறும்.

தீர்வு எளிது. காயல் மட்டம் மாறும் வீதம், கடலுக்கும் காயலுக்கும் உள்ள மட்ட வேறுபாட்டிற்கு நேர்விகிதத்தில் இருப்பதாகக் கொள்வோம். அப்போது தொடக்க மட்டத்திலிருந்து இறுதி மட்டத்தைக் கழித்த ஒரே எண், ஒவ்வோர் அதிர்வெண்ணின் சமன்பாட்டிலும் கூடுதலாக வரும். அதனையும் அறியப்படாத எண்ணாக ஏற்று, ஏனைய கெழுக்களுடன் ஒருங்கே மதிப்பிடல் வேண்டும். பதிவு நீளுந்தோறும் இதன் செல்வாக்குக் குறையும். சில நாட்பதிவே கிடைக்குமிடத்து இதனை விடலாகாது.