உயிர்ப்பு விசுவாசமும் புத்தளக் கரையோரமும்

இறந்தவர் உயிர்த்தெழுந்தார் என்னும் நம்பிக்கையை ஆய்வறிவு ஏற்பதில்லை. ஆயினும் ஒரு மக்கட்கூட்டம் தண்டனைக்கும் அஞ்சாது அதனை ஏன் பற்றிநின்றது என்பது ஆய்வுக்குரிய வினாவே. அபின் என்ற ஒரு சொல்லோடு மதத்தைப் பற்றிய தம் வாசிப்பை முடித்துக்கொள்வோர் இவ்வினாவை எழுப்புவதேயில்லை. ஒல்லாந்தர் காலப் புத்தளக் கரையோரம் இதற்குத் தக்கதொரு களமாகும்.

1658இல் போர்த்துக்கேயரை இலங்கையினின்றும் அகற்றிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி, கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடமளிப்போர்க்கு மரணதண்டனை விதித்தது. கற்பிட்டியும் அதன் வசமாயிற்று. ஈண்டு ஒன்று மனங்கொளத்தக்கது: அடக்கியோரும் கிறித்தவரே. கிறித்துவின் உயிர்ப்பைக் கல்வினியப் போதகரும் ஐயமின்றி அறிக்கையிட்டனர். திருப்பலி, சுருவ வணக்கம், பாப்பரசரின் தலைமை என்பன பற்றிய பிணக்கு மெய்யே. எனினும் கம்பனி பெரிதும் அஞ்சியது கத்தோலிக்கரின் போர்த்துக்கேயச் சார்பையே.

கம்பனியின் கிறித்து பதிவேட்டோடு வந்தார். ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்பிற் பதியப்பட்டன. சொத்துரிமையும் உத்தியோகமும் அப்பதிவைச் சார்ந்திருந்தன. ஆதலாற் பலர் சீர்திருத்தத் திருச்சபையிற் பெயர் கொடுத்துவிட்டு, வீட்டில் இரகசியமாகச் செபமாலை சொல்லினர். இதனை இரட்டை வேடமென இகழ்வது எளிது. பதிவின்றேல் பிள்ளையின் உரிமையே கேள்விக்குரியதாகும் நிலையில் வேறென்ன செய்திருப்பர்?

ஏறத்தாழ முப்பதாண்டுகள் குருவின்றிக் கழிந்தபின், 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். அங்கு நெருக்கடி முற்றவே, கண்டியரசுக்குட்பட்டிருந்த புத்தளத்திற்குப் பெயர்ந்தார். கம்பனியின் கட்டளை அவ்வெல்லையைக் கடக்கவில்லை. விசுவாசத்தின் உறுதியைப் புகழ்வோர் பலர் இவ்வரசியற் புவியியலை மறந்துவிடுகின்றனர். அதேவேளை, புகலிடமும் ஐயமற்றதன்று: 1692இல் கண்டியை அடைந்த வாஸ், போர்த்துக்கேய ஒற்றரென்று சிறைவைக்கப்பட்டார்.

1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் பணி இலக்கிய மாணவருக்கு இன்னும் முக்கியமானது. தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய அவர், 1742இல் போலவத்தையில் மறைந்தார். அவருடைய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்படுவது. திருப்பலிக்குக் குரு வேண்டும். வாசிப்புக்கோ எழுத்தறிந்த ஒருவர் போதும், கேட்க ஒரு கூட்டம் போதும். விசுவாசத்தின் காவல் இவ்வாறு குருவிடமிருந்து ஊரவர் கைக்கு மாறியது. நூல் விரித்துரைப்பது பாடுகளையும் மரணத்தையுமே. கடலுக்குச் சென்றவர் மீளாத வீடுகளில் அவ்வொப்பாரி அந்நியமாக ஒலித்திராது. அழுது முடித்தோர்க்கே மூன்றாம் நாள் பொருளுடையதாயிற்று என்பது என் கருத்து. கோட்பாட்டு விளக்கங்கள் அவர்களுக்கு அத்துணை தேவைப்படவில்லை.

1806இல் ஆங்கிலேயர் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினர். பின்னர், 20ஆம் நூற்றாண்டில், சிலாபத்துக் கரையோரத்துக் கத்தோலிக்கப் பாடசாலைகளிற் போதனாமொழி தமிழினின்றும் சிங்களமாயிற்று. இம்முறை மாற்றத்தைக் கொணர்ந்தது திருச்சபையின் சொந்தப் பாடசாலை. எதிர்ப்பும் அரிதாகவே எழுந்தது. அவ்வூர்களில் உயிர்த்த ஞாயிறு இன்றும் கொண்டாடப்படுகின்றது. பேரப்பிள்ளைகள் பாடுகளின் கதையைச் சிங்களத்திற் கேட்கின்றனர்.