மூணாறுக்கு ஒரு களம், பாலக்காட்டுக்கு ஒரு களம்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தை வட்டாரக் கூட்டமைப்புகள் நடத்துகின்றன. நம் பக்கத்தில் அந்த வேலையைப் பல்கலைக்கழகமே செய்கிறது. பாலக்காடு விக்டோரியா கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மூணாறு அரசுக் கல்லூரியோ 1983இல் தொடங்கிய மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் மின்னுகிறவர்கள் பல்கலைக்கழகச் சட்டை போட்டுத் தென்மண்டலப் போட்டிக்குப் போவார்கள். அங்கே ஜெயித்தால் அகில இந்தியப் போட்டி!

மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சங்கனாச்சேரி அசம்ப்ஷன் கல்லூரியில் படித்தவர்தான் கீது அன்னா ஜோஸ். இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். 2011இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்தின் 3 அணிகள் அவரைத் தேர்வுக்கு அழைத்தன. எவ்வளவு பெரிய அழைப்பு அது! மூணாறில் இன்று பந்து தட்டும் தங்கச்சியும் அதே பல்கலைக்கழக வட்டாரத்தில்தான் ஆடுகிறாள்.