ஊர்க்கோடி மின்கம்பி: புயலுக்கும் தீக்கும் நடுவே

2009 பிப்ரவரி 7, சனிக்கிழமை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமே அனலாகக் கொதித்தது. மெல்பர்ன் நகரில் அன்று வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. வடக்கிலிருந்து வறண்ட காற்று சூறையாக அடித்தது. கில்மோர் ஈஸ்ட் என்ற ஊருக்கு அருகே இரண்டு மேடுகளுக்கு நடுவில், ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக இடையில் கம்பமே இல்லாமல் தொங்கிய ஒற்றை மின்கம்பி ஒன்று நண்பகலுக்குச் சற்று முன்பு அறுந்தது. அறுந்த முனையிலிருந்து பொறி பறந்தது. காய்ந்த புல் பற்றிக்கொண்டது. அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர் இறந்தார்கள். ‘கருப்புச் சனி’ என்று இன்றும் அந்த நாட்டு மக்கள் சொல்லும் அந்த நாளின் தீகளில் மாண்டவர்கள் மொத்தம் 173 பேர்.

அன்று மூண்ட பெரிய தீகள் பதினொன்று என்று பின்னர் அமைந்த விசாரணை ஆணையம் கணக்கிட்டது. அவற்றில் ஐந்துக்கு மின்கம்பிக் கோளாறுகளோடு தொடர்பு இருந்தது. கில்மோர் ஈஸ்டில் அறுந்த கம்பி நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் பழையது. கம்பத்தோடு அதைப் பிணைக்கும் சிறு பொருத்தி சரியாக உட்காராததால், காற்றில் ஆடி ஆடி உலோகம் களைத்து, இழை இழையாக விட்டுப்போயிருந்தது.

ஊர்க்கோடிக் கம்பிகள் ஏன் இப்படி இருக்கின்றன? காரணம் கணக்குதான். நகரத்தில் ஒரு கிலோமீட்டர் கம்பி நூற்றுக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் கொடுக்கும். கிராமப்புறத்தில் பத்து கிலோமீட்டர் இழுத்தாலும் நாலைந்து பண்ணைகள்தான். 1920-களில் நியூசிலாந்துப் பொறியாளர் லாயிட் மண்டீனோ இதற்கு ஒரு மலிவான வழி கண்டார். ஒரே ஒரு கம்பியில் மின்சாரத்தை அனுப்பி, பூமியையே திரும்பும் பாதையாக்குவது. கம்பம் குறைவு, கம்பி குறைவு, செலவும் குறைவு. ஆஸ்திரேலியாவின் உட்பகுதிகளில் விளக்கு எரிந்தது இந்த ஏற்பாட்டால்தான்; அதைக் குறைசொல்வது நியாயமாகாது. ஆனால் மலிவாகப் போட்ட கம்பியை மலிவாகவே பராமரித்தது பெரும் தவறு.

கலிபோர்னியாவில் இதே பாடம் 2018 நவம்பர் 8 அன்று கிடைத்தது. ஃபெதர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் பிஜி அண்ட் இ நிறுவனத்தின் உயர் அழுத்த மின்கோபுரம் ஒன்றில், ஏறக்குறைய நூறு ஆண்டு பழமையான இரும்புக் கொக்கி தேய்ந்து முறிந்தது. கொக்கி தாங்கிய கம்பி கோபுரத்தில் உரசித் தீப்பொறிகளை உதிர்த்தது. சில மணி நேரத்தில் பாரடைஸ் என்ற ஊர் சாம்பலானது. 85 பேர் இறந்தார்கள். 18,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. நிறுவனம் 2019 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியது. 2020-இல் 84 மரணங்களுக்கான குற்றத்தை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இனி சிக்கலான இடத்துக்கு வரலாம். புயலைத் தாங்கும் மின்கம்பியும் தீயை மூட்டாத மின்கம்பியும் ஒன்றேதான் என்று தோன்றும். ஆனால் பல இடங்களில் இவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன.

காற்றடிக்கும்போது கிளை ஒன்று கம்பியில் பட்டு விலகுகிறது என்று வையுங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும். சில நொடிகளில் தானியங்கிச் சாதனம் இணைப்பை மறுபடி கொடுத்துப் பார்க்கும். கிளை போயிருந்தால் விளக்கு எரியும். லைன்மேன் நள்ளிரவில் மழையில் நனைந்துகொண்டு போக வேண்டியதில்லை. புயல் நாட்டில் இது பெரிய வரம். வறண்ட நாளில் கதை வேறு. கம்பி தரையில் கிடந்தால், மறுஇணைப்பின் ஒவ்வொரு முயற்சியும் காய்ந்த புல்லுக்கு ஒரு புதிய பொறி. ஹவாய்த் தீவுகளில் லஹைனா நகரம் 2023 ஆகஸ்ட் 8 அன்று எரிந்து 102 பேர் இறந்ததே, அதன் தொடக்கமும் அறுந்து கிடந்த கம்பிகளில் மீண்டும் மின்சாரம் பாய்ந்ததுதான் என்று விசாரணை முடிவு சொன்னது. தீ அபாயம் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் ஒற்றைக் கம்பித் தடங்களின் மறுஇணைப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்று விக்டோரியா ஆணையம் முன்பே பரிந்துரைத்திருந்தது.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. ஈரமான மண்ணில் விழும் கம்பியிலிருந்து மின்சாரம் பெருமளவில் பாயும். துணை மின்நிலையம் உடனே உணர்ந்து துண்டித்துவிடும். வறண்ட மணலிலோ தார்ச்சாலையிலோ விழுந்தால் பாயும் மின்சாரம் மிகச் சிறிது. வீடுகளில் மிக்சியும் மோட்டாரும் இழுப்பதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல், பாதுகாப்புச் சாதனம் சும்மா இருந்துவிடும். கம்பி உயிரோடு கிடக்கும். தீ வைக்கவும் ஆளைக் கொல்லவும் அந்தச் சிறிது மின்சாரமே போதும்.

இதற்கு விக்டோரியா கண்ட விடை பாராட்டத்தக்கது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மானியப் பொறியாளர் பீட்டர்சன் உருவாக்கிய சுருள் ஒன்றின் தத்துவத்தை எடுத்து, அதோடு நவீன மின்னணுக் கட்டுப்பாட்டைச் சேர்த்தார்கள். மூன்று கம்பித் தடத்தில் ஒன்று தரையைத் தொட்டால், அந்த ஒன்றின் அழுத்தத்தை மட்டும் இச்சாதனம் இறக்கிவிடும். 22,000 வோல்ட் தடத்தில் இரண்டு நொடிக்குள் 250 வோல்ட்டுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கே விதி. தீ அபாயம் மிகுந்த பகுதிகளின் 45 துணை மின்நிலையங்களில் இதை அமைக்கச் சட்டம் கட்டாயப்படுத்தியது. ஒரு வருத்தம் உண்டு: கில்மோர் ஈஸ்டில் அறுந்தது போன்ற ஒற்றைக் கம்பித் தடங்களுக்கு இது உதவாது. அவற்றுக்கு வேறு காவல் தேவை.

கலிபோர்னியா முதலில் எடுத்த வழி முரட்டு வழி. காற்று பலமாக அடிக்கும் நாளில் மின்சாரத்தையே நிறுத்திவிடுவது. 2019 அக்டோபரில் ஒரே சுற்றில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. கிராமத்தில் மின்சாரம் போனால் கிணற்று மோட்டார் நிற்கும். தீயை அணைக்கத் தண்ணீரும் இருக்காது. வீட்டில் சுவாசக் கருவியோடு இருக்கும் நோயாளி என்ன செய்வார்? எதிர்ப்பு எழுந்தது. 2021 முதல், கம்பியில் ஏதாவது பட்டால் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் துண்டிக்கும்படி சாதனங்களை முடுக்கிவைத்தார்கள். தீ மூள்வது வெகுவாகக் குறைந்தது. ஆனால் காரணம் புரியாத மின்தடைகள் கூடின. ஒன்றைப் பெற இன்னொன்றைக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

கம்பியை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் எல்லாம் தீர்ந்ததா? 2021-இல் பிஜி அண்ட் இ 10,000 மைல் தடத்தைப் புதைக்கப்போவதாக அறிவித்தது. மைலுக்குச் செலவு 30 லட்சம் டாலருக்கும் மேல். அது மக்களின் மின்கட்டணத்தில்தான் ஏறும். தெற்கே எடிசன் நிறுவனம் பிளாஸ்டிக் உறை போர்த்திய கம்பிகளை ஆயிரக்கணக்கான மைலுக்கு மாற்றியது. செலவு அதைவிடப் பல மடங்கு குறைவு. கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலும் கிளை பட்டாலும் பொறி வராது. ஆனால் உறை போட்ட கம்பி கனமானது, பருமனும் கூடியது. காற்றை அதிகம் வாங்கும். அதைத் தாங்கும் கம்பங்களும் வலுவாக வேண்டும்.

காற்றின் வலிமை நம் காவிரி டெல்டா மக்களுக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. இத்தனை கம்பங்களையும் காற்று நேராக முறித்துவிடுவதில்லை. தென்னை கம்பியில் சாயும். கம்பி கம்பத்தை இழுக்கும். அந்தக் கம்பம் அடுத்ததை இழுக்கும். நீர் ஊறிய வயல் மண்ணில் அடிப்பிடிப்பும் இராது. எனவே எல்லாக் கம்பத்தையும் மாற்றப் பணமில்லாவிட்டாலும், சில கம்பங்களுக்கு ஒருமுறை கான்கிரீட் அடித்தளத்தோடு வலுவான இரும்புக் கம்பம் ஒன்றை நிறுத்தி, இருபுறமும் ஸ்டே கம்பி கட்டினால் சரிவு அந்த இடத்தோடு நிற்கும். மரம் விழுந்தால் கம்பி முதலில் கழன்றுகொள்ளும்படி பொருத்திகளை அமைப்பதும் ஒரு வழி: கம்பி போனால் ஒரு நாளில் கட்டலாம், கம்பம் போனால் முடியாது.

உலக வங்கிக் கடனுதவியோடு நடந்த கடலோரப் பேரிடர் இடர்குறைப்புத் திட்டத்தில் கடலூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி ஆகிய இடங்களுக்கு நிலத்தடிக் கேபிள் பணி ஒதுக்கப்பட்டது. நல்ல வேலை. ஆனால் இந்த ஊர்களைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் கம்பி வானத்தில்தான் தொங்குகிறது.

கம்பியையே எடுத்துவிட முடியுமா என்றும் சிலர் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். 2015-இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பரன்ஸ் பகுதியில் காட்டுத்தீ கம்பங்களை எரித்தபோது, சில பண்ணைகளுக்குப் புதுக் கம்பம் நடாமல் சூரியத் தகடும் பேட்டரியும் ஜெனரேட்டரும் கொடுத்தார்கள். கலிபோர்னியாவின் பிரைஸ்பர்க்கில் 2019 தீக்குப் பிறகு ஐந்து இணைப்புகளுக்காக இதையே செய்தார்கள். நீளமான தடத்தின் கடைசியில் இருக்கும் நாலு வீட்டுக்கு இதுவே மலிவு, இதுவே பாதுகாப்பு. மலைக்கிராமங்களுக்கு மின்தடம் போடும் ஒவ்வொரு திட்டத்திலும் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்தடை என்று நாளிதழில் வரும் அறிவிப்பைப் பார்த்துச் சலித்துக்கொள்ளாதீர்கள். கிளை வெட்டுவதும் பொருத்திகளைச் சோதிப்பதும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன. தோட்டத்துத் தென்னையோ முருங்கையோ கம்பியைத் தொடும் தூரத்துக்கு வந்திருந்தால் நீங்களே வெட்ட முனையாமல் மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். அறுந்து கிடக்கும் கம்பி அசையாமல் இருந்தாலும், ஊரே இருண்டிருந்தாலும், அதில் மின்சாரம் இல்லை என்று நம்பிவிடாதீர்கள். யாரையும் அருகில் விடாமல் நிறுத்திவிட்டு, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987-க்கு அழையுங்கள்.